சொன்னது போய்ச் சேர்ந்ததா? வார்டு செவிலியருக்கான முழுமையான வழிகாட்டி

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், சர்ஜிக்கல் வார்டில் நைட் டூட்டி. மறுநாள் காலை முதல் கேஸாக ஒருவருக்கு ஹெர்னியா ஆபரேஷன் போட்டிருந்தார்கள். இரவு பத்து மணிக்கு அவருடைய அம்மாவிடம் போய், "பன்னிரண்டு மணிக்கு அப்புறம் சாப்பிட எதுவும் குடுக்காதீங்கம்மா" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். கேஸ் ஷீட்டில் அதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். காலையில் தியேட்டருக்கு அனுப்பத் தயார் செய்யப் போனால், கட்டில் பக்கத்து ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அடியில் நுரை இன்னும் காயவில்லை.

"சாப்பாடு எதுவும் குடுக்கலம்மா. தொண்டை வறண்டு போச்சுன்னான், காபி மட்டும்தான் குடுத்தேன்."

பால் சேர்த்த காபி குடித்தால் மயக்க மருந்து கொடுப்பதற்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். தெளிந்த நீராகாரத்துக்கு 2 மணி நேரம் போதும், பாலுக்கு அது பொருந்தாது. மயக்க மருந்து டாக்டர் கேஸைத் தள்ளி வைத்தார். ஊரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்த தம்பி திரும்பிப் போனார். அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை. நம் வீடுகளில் காபி குடிப்பது சாப்பிடுவதில் சேராது. அது தெரிந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், "சாப்பிட" என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஒன்றைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு விஷயத்தைச் சொன்னதும் என் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதில்லை. கேட்டவர் வாயிலிருந்து அது திரும்பி வரும்வரை அங்கேயே நிற்பேன். கீழே இருக்கும் படிகள் எல்லாம் அந்த ஒரு பழக்கத்தை வார்டின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோவதுதான். புதிதாக டூட்டிக்குச் சேர்ந்திருக்கும் தங்கைகளையும் தம்பிகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: ஓவர் கொடுப்பதைக் கட்டில் பக்கத்தில் நின்று கொடுங்கள்

ஓவர் கொடுப்பது என்றால், ஷிப்ட் முடிந்து போகிறவர் வருகிறவரிடம் நோயாளிகளின் விவரத்தைச் சொல்லி ஒப்படைப்பது. அது நடக்கும் ஷிப்ட் மாறும் நேரம்தான் வார்டில் மிக ஆபத்தான நேரம். போகிறவருக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். வருகிறவர் இன்னும் வார்டுக்குள் மனதளவில் வந்து சேரவில்லை. இந்த நேரத்தில் மேஜையைச் சுற்றி நின்று, நோட்டைப் பார்த்து, "ஒண்ணு ஓகே, ரெண்டு ஓகே, மூணு ஆன்டிபயாட்டிக் போகுது" என்று ஒப்பிப்பதால் யாருக்கும் பயன் இல்லை.

முதலில், ஓவர் கொடுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பே உங்கள் நோயாளிகளை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். டிரிப்ஸ் எவ்வளவு மிச்சம், யூரின் பேகில் எவ்வளவு, வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். நான்கு மணி நேரத்துக்கு முன்னால் பார்த்ததை "இப்போது" என்று சொல்லாதீர்கள்.

அடுத்து வரிசை. கட்டில் நம்பர் வரிசையில் போனால், 27-ஆம் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் வருவதற்குள் கேட்பவரின் கவனம் தீர்ந்துபோயிருக்கும். மோசமாக இருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள். 30 பேர் உள்ள வார்டில் எல்லோருக்கும் சமமாக நேரம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. நான்கு பேருக்கு நிறைய நேரம், மீதிப் பேருக்கு ஓரிரண்டு வாக்கியம். "ஐ-பாஸ்" என்ற ஹேண்டோவர் முறையிலும் முதல் எழுத்து, நோயாளி எந்த அளவுக்கு மோசம் என்பதைத்தான் குறிக்கிறது. குழந்தைகள் நலத்துறையில் பயிற்சி டாக்டர்கள் அந்த முறையில் ஓவர் கொடுத்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-இல் வந்த ஆய்வு சொன்னது. 9 மருத்துவமனைகளில் செய்த ஆய்வு அது.

ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: யார், எதற்காக இருக்கிறார், என் ஷிப்டில் என்ன மாறியது, எது பாக்கி, எதற்குப் பயப்பட வேண்டும். கடைசி இரண்டும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். "பொட்டாசியம் அனுப்பியிருக்கு, ரிசல்ட் எட்டு மணிக்கு வரும், 5.5-க்கு மேல இருந்தா டூட்டி டாக்டருக்குச் சொல்லணும்" என்று சொன்னால் அது ஓவர். "பிளட் அனுப்பியாச்சு" என்று சொன்னால், ரிசல்ட்டைப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் போய்ச் சேரவில்லை. அந்தத் தாள் லேபிலேயே கிடக்கும்.

பம்பில் ஓடும் மருந்துகளை இருவரும் சேர்ந்து பாருங்கள்: எந்த மருந்து, எவ்வளவு கலந்தது, மணிக்கு எத்தனை மில்லி. டோபமின், டோபுடமின் என்று காதுக்கு ஒரே மாதிரி விழும் மருந்துகளை லேபிளில் விரல் வைத்து வாசியுங்கள். மார்ஃபின், ஃபெண்டனில் ஆம்பியூல்களை இரண்டு பேரும் ஒன்றாக எண்ணிய பிறகே அந்த அலமாரிச் சாவி கை மாற வேண்டும்.

இன்சுலினுக்குத் தனியாக ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் வயலும் 100 யூனிட் வயலும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. சிகப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 25 யூனிட். இதுவே தலைகீழாக, 40 யூனிட் மருந்தை 100-க்கான சிரிஞ்சில் இழுத்தால், 10 கொடுத்ததாக நினைத்து 4 யூனிட்தான் கொடுத்திருப்போம். அதனால் "10 யூனிட்" என்று மட்டும் சொல்லாமல் வயலையும் சிரிஞ்சையும் காட்டியே ஓவர் கொடுங்கள்.

கட்டில் பக்கத்தில் சொல்லக் கூடாதவையும் உண்டு. ஹெச்.ஐ.வி. இருக்கிறது என்பது, குடும்பத்துக்கு இன்னும் சொல்லாத புற்றுநோய், தற்கொலை முயற்சியின் பின்னணி போன்றவை. பக்கத்துக் கட்டிலின் உறவினர் காது இங்கேதான் இருக்கும். ஹெச்.ஐ.வி. விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. இவற்றை மட்டும் தனியாக அறையில் சொல்லுங்கள்.

முடிந்ததும் வாங்கியவர் திருப்பிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் இல்லை, அந்த நான்கு மோசமான நோயாளிகளை மட்டும். ஒரு நிமிடம் ஆகும். சீனியர் அக்காவிடம் "திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்பது உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். "அக்கா, நான் எதையாவது விட்டுட்டேனான்னு ஒரு தடவை சொல்லிப் பாக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

படி 2: பெயரைக் கேளுங்கள், நீங்களே சொல்லிவிடாதீர்கள்

"லட்சுமியம்மா தானே?" என்று கேட்டால், அரைத்தூக்கத்தில் இருக்கும் எந்த அம்மாவும் "ம்" என்பார். காது கேட்காதவரும் "ம்" என்பார். ஊசி போடுவதற்கு முன், ரத்தம் எடுப்பதற்கு முன், ரத்தம் ஏற்றுவதற்கு முன், "உங்க பேர் சொல்லுங்கம்மா" என்று கேட்டு அவர் வாயால் வர வையுங்கள். அதை ஐ.பி. நம்பரோடு (உள்நோயாளிப் பதிவு எண்) ஒப்பிடுங்கள். கட்டில் நம்பர் அடையாளம் கிடையாது. ஃபேனுக்கு அடியில் இடம் வேண்டும் என்று நோயாளிகளே ராத்திரியில் கட்டில் மாறிப் படுப்பது எல்லா வார்டிலும் நடக்கிறது.

ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருந்தால், "வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வயதான பெண்கள் பலர் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சிரிப்பார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள். அங்கே வற்புறுத்தாமல் வயதையும் ஊரையும் கேளுங்கள். இரண்டு கேஸ் ஷீட் மேலும் "ஒரே பெயர்" என்று சிகப்பு மையில் எழுதி வையுங்கள்.

படி 3: டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன் அரை நிமிடம்

நடுராத்திரியில் போன் போட்டு, "சார், 14-ஆம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காரு, வந்து பாக்குறீங்களா" என்று சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து "பி.பி. எவ்வளவு?" என்று வரும். அதைப் பார்க்க ஓடுவோம். திரும்பி வந்தால் "சாச்சுரேஷன்?" (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) என்று அடுத்த கேள்வி. டாக்டருக்கு எரிச்சல், நமக்கு அவமானம், நோயாளிக்குப் பத்து நிமிடம் நஷ்டம்.

இதற்கு "எஸ்பார்" என்ற ஒரு வடிவம் இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கிய முறை அது. 2000-களின் தொடக்கத்தில் கைசர் பர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு அதை ஆஸ்பத்திரிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. சிச்சுவேஷன், பேக்ரவுண்ட், அசெஸ்மென்ட், ரெக்கமெண்டேஷன் என்ற நான்கின் முதலெழுத்துகள். இப்போது என்ன நடக்கிறது, இவர் யார், எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நம் பாணியில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

போனை எடுப்பதற்கு முன் நோயாளியை நீங்களே பாருங்கள். கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு மூன்றும் கையில் இருக்கட்டும். அப்புறம் இப்படி:

"சார், ஆண்கள் மெடிக்கல் வார்டு நைட் டூட்டி ஸ்டாஃப் பேசுறேன். 14-ஆம் பெட் பேஷண்டுக்கு அரை மணி நேரமா மூச்சு வாங்குது, மோசமாயிட்டு வர்றார். 62 வயசு, நிமோனியான்னு நேத்து அட்மிட் ஆனவர், சுகர் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு ரெஸ்பிரேஷன் 22, சாச்சுரேஷன் 95. இப்ப ரெஸ்பிரேஷன் 30, ரூம் ஏர்ல 88, பல்ஸ் 124, பி.பி. 94/60. ஆக்ஸிஜன் போட்டதுக்கு அப்புறம் 93. கேட்டதுக்குச் சரியாப் பதில் சொல்ல மாட்டேங்குறார். எனக்கு செப்சிஸா இருக்குமோன்னு தோணுது. நீங்க இப்பவே வந்து பாக்கணும் சார். வர்றதுக்குள்ள ஏ.பி.ஜி. செட், இன்னொரு லைன் ரெடி பண்ணி வைக்கிறேன். எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

(ரெஸ்பிரேஷன் என்றால் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, செப்சிஸ் என்றால் தொற்று உடல் முழுவதையும் பாதிப்பது, ஏ.பி.ஜி. என்றால் தமனி ரத்தத்தில் வாயு அளவு பார்க்கும் பரிசோதனை.) இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது. இதில் நம் ஆட்கள் தயங்குகிற இடம் "எனக்குத் தோணுது" என்பதுதான். நோயின் பெயரைச் சொல்வது டாக்டர் வேலை ஆயிற்றே என்று நினைத்து நிறுத்திவிடுவோம். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. "என்னன்னு தெரியல சார், ஆனா ஆறு மணிக்கு இருந்த ஆள் இவர் இல்ல" என்று சொல்லுங்கள். எட்டு மணி நேரமாக அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். கடைசிக் கேள்வியையும் விடாதீர்கள். "வரேன்" என்பதற்கும் "பத்து நிமிஷத்துல வரேன்" என்பதற்கும் இடையில் ஓர் உயிரே போய்விடும்.

எண்கள் உங்கள் வாதத்தைத் தாங்கிப் பிடிக்கும். இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய "நியூஸ்" என்ற எச்சரிக்கை மதிப்பெண் முறையில், மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். மொத்தம் 5 வந்தால் டாக்டர் அவசரமாகப் பார்க்க வேண்டும், 7 வந்தால் எமர்ஜென்சி. மேலே சொன்ன நோயாளி 7-ஐ எப்போதோ தாண்டிவிட்டார். உங்கள் ஆஸ்பத்திரியில் அந்த முறை இல்லாவிட்டாலும் ஒரு வேலையைச் செய்யலாம்: மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் பல டி.பி.ஆர். சார்ட்டுகளில் ரெஸ்பிரேஷன் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 20, 20, 20 என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். உடல் மோசமாவதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த எண்தான்.

படி 4: போனில் வரும் ஆர்டர்

வாங்குங்கள், எழுதுங்கள், எழுதியதைப் பார்த்துத் திருப்பி வாசியுங்கள், "சரி" என்று அவர் சொன்ன பிறகு போனை வையுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. காதில் கேட்டதை நினைவிலிருந்து திருப்பிச் சொன்னால், தப்பாகக் கேட்டதைத் தப்பாகவே எழுதிவிட வாய்ப்பு உண்டு.

எண்ணில் ஒரு வசதி நமக்கு இருக்கிறது. "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் போனில் ஒன்று போலக் கேட்கும். "பதினஞ்சு", "அம்பது" எந்த இரைச்சலிலும் குழம்பாது. அதனால் ஆர்டர் ஆங்கிலத்தில் வந்தாலும் அளவைத் தமிழில் திருப்பிக் கேட்பேன்: "பதினஞ்சு மில்லிகிராம், ஒண்ணு அஞ்சு, சரியா சார்?" தமிழ் தெரியாத டாக்டர் என்றால் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும்.

"ஒரு ஆம்பியூல் போடுங்க", "அரை வயல் குடுங்க" என்று வரும் ஆர்டரை அப்படியே எழுதாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மில்லிக்கு 1000 யூனிட்டிலும் வருகிறது, 5000 யூனிட்டிலும் வருகிறது. "எத்தனை யூனிட் சார்?" என்று கேட்டே எழுதுங்கள். எழுதும்போது "யூனிட்" என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் அதை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது பூஜ்யம் போலத் தெரியும், 10 என்பது 100 ஆகிவிடும். 0.5 என்பதில் புள்ளிக்கு முன் பூஜ்யம் கட்டாயம் வேண்டும். 1.0 என்று பின்னால் பூஜ்யம் போடவே வேண்டாம், புள்ளி மங்கினால் அது 10.

பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பரின் மாதிரி மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும். "அக்கா, இது 4 மில்லி வருது, சரிதானே?" என்று கேட்டால் விடையை நீங்களே கொடுத்துவிட்டீர்கள், அவரும் தலையாட்டிவிடுவார். "நீங்க போட்டுப் பாருங்க, எவ்வளவு வருதுன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள்.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. இ.சி.ஜி. படம் அனுப்பி உடனே பதில் வாங்குவதால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு, அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படத்தில் நோயாளி முகமும் பெயரும் தெரியக் கூடாது, குரூப்பில் போடக் கூடாது. வந்த ஆர்டர் அடுத்த நிமிடமே நேரத்தோடு கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும். போனில் வந்த ஆர்டரோ வாட்ஸ்அப்பில் வந்ததோ, உங்கள் ஆஸ்பத்திரி விதி சொல்லும் நேரத்துக்குள் டாக்டர் கையெழுத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 5: "சார், கொஞ்சம் நிறுத்துங்க"

2005 மார்ச் மாதம், இங்கிலாந்து. எலெய்ன் புரோமிலி என்ற 37 வயதுப் பெண்ணுக்குச் சைனஸ் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுக்குழாய்க்கு வழி கிடைக்கவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் திரும்பத் திரும்பக் குழாய் போட முயன்றுகொண்டே இருந்தார்கள், நேரம் போனதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு நர்ஸ், கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்யும் டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, இருக்கிறது என்று சொன்னார். யாரும் வாங்கவில்லை. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யூ.வுக்கு போன் செய்து படுக்கை கேட்டுவிட்டு வந்து சொன்னார். பெரிதுபடுத்துகிறாய் என்பது போல அவரைப் பார்த்தார்கள். அவரும் அந்தப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்துபோனார். அவர் கணவர் மார்ட்டின் விமானி. விமானத்தில் இளையவர் மூத்தவரைத் தடுத்து நிறுத்தப் பழக்குவதுபோல் ஆஸ்பத்திரியிலும் பழக்க வேண்டும் என்று 2007-இல் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

அந்த நர்ஸுகளை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் எழுத முடியாது. என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, செய்யவும் செய்தார்கள். தங்கள் பேச்சை அந்த அறைக்குள் நுழைக்க மட்டும் அவர்களிடம் வழியில்லை.

அதற்குப் படிப்படியாக ஏறும் மூன்று வாக்கியங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில்: "சார், எனக்குக் கவலையா இருக்கு, பேஷண்டுக்குப் பென்சிலின் அலர்ஜின்னு எழுதியிருக்கு." பதில் இல்லையென்றால்: "சார், இதைப் போட எனக்கு மனசு ஒப்பல, ஒரு தடவை பாத்துடுங்க." அதற்கும் அசையவில்லையென்றால்: "சார், இது பேஷண்ட் பாதுகாப்பு விஷயம். கொஞ்சம் நிறுத்துங்க." அமெரிக்காவில் 2006-இல் வந்த டீம்ஸ்டெப்ஸ் என்ற பயிற்சியில் இருக்கும் முறையை நம் வார்டுப் பேச்சுக்கு மாற்றியிருக்கிறேன். மரியாதை குறையவில்லை பாருங்கள். "சார்" மூன்றிலும் இருக்கிறது. குரலை உயர்த்தவும் தேவையில்லை. ஏதாவது ஒன்று கேட்காமல் போயிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு முறை சொல்லுங்கள்.

அப்படியும் நடக்கவில்லையென்றால் மேலே போக வேண்டும்: டூட்டி டாக்டருக்கு மேல் யூனிட் அசிஸ்டெண்ட், அவருக்கு மேல் சீஃப். உங்கள் பக்கத்தில் ஹெட் நர்ஸ், நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட், அப்புறம் ஆர்.எம்.ஓ. (ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அதிகாரி). யாரை எந்த நம்பரில் கூப்பிடுவது என்ற தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கட்டும். தாண்டிப் போகும்போது அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள்: "சார், நான் அசிஸ்டெண்ட் சாருக்கும் ஒரு போன் போடுறேன்." முதுகுக்குப் பின்னால் செய்தால்தான் பகை வளரும்.

சீனியர் நர்ஸுகளுக்கும் இது பொருந்தும். ஸ்டூடண்ட் ஒருத்தி "மேடம், இந்த பாட்டில் வேற மாதிரி இருக்கு" என்று சொல்லும்போது, "எனக்குத் தெரியும், நீ போ" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், அவள் அந்த வார்டில் இனி வாயே திறக்க மாட்டாள்.

படி 6: எல்லோரையும் கணக்கில் எடுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்

ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது. ஆறு பேர் ஓடி வருகிறோம். "யாராவது அட்ரினலின் எடுங்க!" என்று ஒருவர் கத்துகிறார். இரண்டு பேர் எடுக்கப் போவார்கள், அல்லது ஒருவரும் போக மாட்டார்கள். பெயரைச் சொல்லுங்கள். வாங்கியவர் திருப்பிச் சொல்லட்டும்: "அட்ரினலின் 1 மில்லிகிராம் எடுக்குறேன்." போட்டதும் "அட்ரினலின் 1 மில்லிகிராம் போட்டாச்சு, ரெண்டு பதினாலு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஒருவர் ஓரமாக நின்று நேரம் எழுத வேண்டும். அட்ரினலினை 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும், நெஞ்சை அழுத்துபவர் 2 நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். எழுதுகிற ஆள் இல்லாவிட்டால் இந்த இரண்டும் தப்பிவிடும். முடிந்த பிறகு, நோயாளி பிழைத்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பேசுங்கள்: என்ன தாமதமானது, எந்தப் பொருள் டிராலியில் இல்லை. அழ வேண்டும்போல் இருப்பவர் அழட்டும்.

வார்டில் முதலில் கண்டுபிடிப்பவர் பல நேரம் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. பெட்பேன் எடுக்கும் ஆயாம்மாவுக்குத்தான் மலம் கறுப்பாகப் போவது முதலில் தெரியும். தரை துடைக்கும் அக்காதான், "சிஸ்டர், அந்த ஓரத்துக் கட்டில் தாத்தா காலையிலேர்ந்து யாரோடயும் பேசல" என்று சொல்வார். எங்கள் வார்டில் அப்படி ஒருவர் சொன்னதால்தான் ஒரு பக்கவாதத்தை நேரத்தோடு பிடித்தோம். அவர் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதினேன். மறுநாள் ரவுண்ட்ஸில் சீஃபிடம், அவர் பெயரைச் சொல்லி, அவர்தான் முதலில் பார்த்தது என்று சொன்னேன். அதற்கு அப்புறம் அவர் எதையும் வந்து சொல்லாமல் போனதில்லை.

படி 7: நோயாளியின் தமிழைப் புரிந்துகொள்ளுங்கள்

"மயக்கமா இருக்கு" என்று ஒருவர் சொன்னால் தலை சுற்றலாக இருக்கலாம், கண் இருட்டியிருக்கலாம், தூக்கக் கலக்கமாக இருக்கலாம், நினைவே தப்பி விழுந்திருக்கலாம். நாம் ஒன்றை நினைத்துக்கொண்டு டாக்டரிடம் ஆங்கிலத்தில் வேறு ஒன்றாகச் சொல்லிவிடுவோம். "கீழே விழுந்தீங்களா? சுத்தி நடந்தது தெரிஞ்சுதா? ரூம் சுத்துற மாதிரியா, கண்ணு இருட்டுற மாதிரியா?" என்று கேட்டுப் பிரித்தறியுங்கள். "நெஞ்சு கரிக்குது", "வாயு புடிச்சிருக்கு" என்பதையும் சும்மா விடாதீர்கள். மாரடைப்போடு வந்தவர்கள் அதே சொற்களைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சந்தேகம் என்றால் நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

நாம் சொல்வதும் அப்படித்தான். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கூடியிருப்பதை "உப்பு கூடியிருக்கு" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு உப்பை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, மாத்திரையை விட்டுவிடுவார். "ரத்தத்துல கழிவு சேருது, கிட்னி அதை வெளிய தள்ள முடியாம இருக்கு" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, திருப்பிக் கேட்பது. "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிக் குடுப்பீங்க, சொல்லுங்கம்மா?" என்று கேளுங்கள். பரீட்சை வைப்பது போல் இருக்கக் கூடாது. மாத்திரையை அவர் கையில் கொடுத்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் நிறத்தையும் அட்டையையும் வைத்துத்தான் ஞாபகம் வைப்பார், அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்தால் குழம்புவார். அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

குடும்பத்தில் பேசுவதற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிப் பெயரும் நம்பரும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். காலையில் மகனிடம் ஒன்று, மாலையில் மருமகனிடம் ஒன்று என்று போனால் இரவில் வார்டு வாசலில் சண்டைதான். அதற்காக நோயாளியை விட்டுவிடாதீர்கள். நினைவோடு இருக்கும் அம்மாவைக் கட்டிலில் வைத்துக்கொண்டு மகனிடம் மட்டும் பேசுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதலில் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

படி 8: எழுதுவது, தப்பு நடந்தால் சொல்வது

செய்த பிறகு எழுதுங்கள், செய்யப்போவதை முன்கூட்டி எழுதாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் நேரம் வேண்டும். "டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்பது போதாது. எந்த டாக்டருக்கு, எத்தனை மணிக்கு, என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்ற நான்கும் வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் நேரமும் போடுங்கள். ஒயிட்னர் கூடாது.

மருந்து மாறிப் போய்விட்டால் முதலில் நோயாளியைப் பாருங்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அப்புறம் ஹெட் நர்ஸிடம், அப்புறம் இன்சிடெண்ட் ஃபார்ம். அந்த ஃபார்மில் "கவனக்குறைவு" என்று எழுதி முடிக்காதீர்கள். நடந்தது நடந்தபடி வரட்டும்: இரண்டு வயலும் ஒரே டப்பாவில் இருந்தன, லைட் எரியவில்லை, நடுவில் மூன்று பேர் கூப்பிட்டார்கள். கடைசி நொடியில் தப்பித்ததையும் எழுதுங்கள். என்னுடைய காபி விஷயத்தையும் அன்றே எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் எங்கள் வார்டில் ஆபரேஷனுக்கு முதல் நாள் கட்டில் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்க ஆரம்பித்தது: "சோறு, இட்லி, பிஸ்கட், காபி, டீ, பால், ஜூஸ், எதுவும் கூடாது. தண்ணீர் எப்போது வரை என்று சிஸ்டரைக் கேட்கவும்." அட்டையை மாட்டும்போது கூட இருப்பவரிடம், "காலையில தொண்டை வறண்டு போச்சுன்னு கேட்டா என்ன குடுப்பீங்க?" என்று கேட்போம். "உங்ககிட்ட வந்து கேப்பேன்" என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்த கட்டிலுக்குப் போவோம்.